அழகம்மைக்கு எடுத்த சித்தாடை

அழகம்மை என்ற பெயரை நாகம்மை முதன்முதலில் கேட்டது, கல்யாணமாகிக் காஜாங்கிலிருந்து கிள்ளான் வீட்டுக்கு வந்த வருஷத்துத் தை மாதத்தில். மாமியார் நாச்சம்மை ஆச்சி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, படைப்புக்கு யார் யாருக்கு என்ன துணி எடுப்பதென்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐயாவுக்கு வேட்டி, அப்பத்தாவுக்குச் சேலை, அழகம்மைக்குச் சித்தாடை. புது மருமகள், தானும் குடும்பத்தில் ஒருத்திதான் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, அழகம்மை எந்த ஸ்கூலில் படிக்கிறது, உயரம் எவ்வளவு இருக்கும், சித்தாடை அளவு தெரிய வேண்டுமே என்று கேட்டுவிட்டாள். ஆச்சி வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். தியாகராஜன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். படைப்பு என்பது செத்துப்போனவர்களுக்குச் சமைத்து, இலை போட்டு, புதுத் துணி வைத்துக் கும்பிடுவது என்பது நாகம்மைக்குத் தெரியாததல்ல. அதில் ஒரு சின்னப் பிள்ளையின் பெயரும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அழகம்மை தியாகராஜனின் தங்கை. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது போனவள். அந்தக் கதையை மாமியார் ஒவ்வொரு தை மாதமும் சொல்வார். கேட்கிறவர்கள் மாறுவார்கள், கதை மாறாது.

மாமனார் பெரியகருப்பன் செட்டியார் கிள்ளானில் ஒரு வட்டிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்துச் செட்டியார்கள் பெண்டு பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள். இவர் மட்டும் மனைவியையும் பிள்ளைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டார். வந்த சில வருஷத்தில் சண்டை பிடித்துக்கொண்டது. போர்ட் பக்கம் குண்டு விழுந்த ஒரு நாள் காலையில் சங்கு ஊதியிருக்கிறது. மாமனார் வெளியே போயிருந்தார். ஆச்சி கைக்குழந்தை மீனாட்சிசுந்தரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார். பத்து வயதுத் தியாகராஜன் ஆறு வயதுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். விமானங்கள் கழுகுக் கூட்டம் மாதிரி வந்தன. குண்டு விழுந்தது, புகை எழுந்தது. புகையில் கை நழுவிவிட்டது. புகை விலகியபோது பிள்ளை இல்லை. மறுநாள் லோங்காங் சாக்கடை ஓரத்தில் அவளுடைய பாவாடை மட்டும் சேறும் கரியுமாகக் கிடைத்தது.

அந்த மாதமே ஆச்சியின் கனவில் அழகம்மை வந்தாள். தலை நிறையப் பூ, சிவப்புச் சித்தாடை, வாசல்படியில் உட்கார்ந்திருந்தாளாம். கன்னியாகப் போன பிள்ளை வீட்டைக் காக்கிற தெய்வமாகிவிட்டது என்று பங்காளிகள் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நல்லது நடந்தாலும் அழகம்மை கொடுத்ததுதான். பெரியகருப்பன் செட்டியார் ஜப்பான்காரன் காலத்தில் பிழைத்தது, வட்டிக்கடையை மூடிவிட்டுத் திறந்த மளிகைக்கடை ஓடியது, மீனாட்சிசுந்தரம் பேங்க் வேலைக்குப் போனது, நாகம்மைக்கு மூன்று வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது, எல்லாம். போன வருஷத்துச் சித்தாடையை வீட்டுப் பெண் பிள்ளை எடுத்து உடுத்துவது வழக்கம் என்பதால், நாகம்மையின் மகள் சின்ன நாச்சம்மை அழகம்மையின் சித்தாடைகளைக் கட்டித்தான் வளர்ந்தாள்.

நாகம்மைக்கும் குண்டு போட்ட நாட்கள் ஞாபகம் உண்டு. ஆனால் அது சண்டையின் கடைசிக் காலம், வெள்ளைக்காரன் திரும்பி வந்து கோலாலம்பூர் ரயில் பட்டறைகள் மேல் போட்டது. காஜாங்கில் வீட்டுக்குப் பின்னால் அப்பச்சி வெட்டிய பள்ளத்தில் பிள்ளைகளைப் படுக்க வைப்பார்கள். பல் அடித்துக்கொள்ளாமலிருக்க ஆளுக்கொரு கித்தாத் துண்டை, அதாவது ரப்பர் துண்டை, நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கும், சத்தம் கேட்டதும் கடித்துக்கொள்ள வேண்டும். விமானம் எப்படி இருந்தது என்று இன்றைக்குக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கித்தாவின் புளித்த வாடை தெரியும். பள்ளத்துச் சுவரில் எறும்பு வரிசை போனது தெரியும். அதனால்தான் மாமியார் கழுகுக் கூட்டம் என்று சொல்லும்போதெல்லாம், இதை யாரோ பெரியவர்கள் சேர்த்திருக்கிறார்கள் என்று அவளுக்குள் ஒரு சின்னச் சந்தேகம் வந்து போகும். இன்னொன்றும் உண்டு. அந்தக் கதையை ஆச்சி எடுத்தாலே தியாகராஜன் அங்கே நிற்பதில்லை. ஆனால் சித்தாடை வாங்கும் வேலையை மட்டும் யாரிடமும் விட்டதுமில்லை. மாமனாரும் ஆச்சியும் காலமான பிறகும் அவனே போய், அதே துணிக்கடையில் அதே சிவப்பை எடுத்து வருவான்.

சின்ன நாச்சம்மைக்குக் கல்யாணம் நிச்சயமானது எழுபத்தெட்டில். வைகாசியில் முகூர்த்தம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு படைப்பு போட்டாக வேண்டும். தியாகராஜன் துணி எடுத்து வந்து வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பதைத் தாண்டிய வயது, பூப்போட்ட சேலை, தலையில் முக்காடு. ஆச்சி, தியாகு அண்ணன் இருக்கிறார்களா என்று கேட்டாள். தியாகு என்று அவனை அழைத்தவர் மாமியார் ஒருவர்தான். கடைத்தெருவில் அவன் செட்டியார், பங்காளிகளுக்குத் தியாகராஜன். நாகம்மை கம்பிக் கதவைத் திறக்காமலே யாரென்று விசாரித்தாள். பெயர் முத்து பீவி என்றும், பண்டமாரானிலிருந்து வருவதாகவும், பாசார் பக்கத்துத் துணிக்கடையில் துணி அளந்து கொடுக்கும் உமர் தன் வீட்டுக்காரர் என்றும் அவள் சொன்னாள். துணி பாக்கி ஏதாவது இருக்கும் என்று நாகம்மை நினைத்தாள்.

"உங்க வீட்டுல அழகம்மைன்னு ஒரு புள்ளைக்கு வருஷா வருஷம் சித்தாடை வச்சுப் படைக்கிறீங்களாமே. அத நிறுத்தச் சொல்லத்தான் வந்தேன் ஆச்சி."

"எங்க வீட்டுப் படைப்ப நிறுத்தச் சொல்ல நீங்க யாரும்மா?"

"அந்தப் புள்ள நான்தான்."

நாகம்மை கதவைத் திறந்தாள். உள்ளே அழைக்கவேண்டும் என்பதற்காக அல்ல, முகத்தை வெளிச்சத்தில் பார்ப்பதற்காக. மூக்கு மாமனார் மூக்கு மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்த மாதிரி மூக்கு கிள்ளானில் நூறு பேருக்கு இருக்கும். நாற்காலியில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். அவள் வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை, சாமி அறையை எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நோட்டம் விடுகிறாள் என்று நாகம்மை நினைத்திருப்பாள். பார்க்காதது, முன்பே யாரோ சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறாள் என்று நினைக்க வைத்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தியாகராஜன் வந்தான். முத்து பீவி எழுந்து நின்று, அண்ணே, நான் அழகம்மை என்றாள். நாகம்மை புருஷன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காணாமல் போன தங்கை கிடைத்தால் ஒருவன் கட்டிக்கொண்டு அழுவான். பொய்க்காரி என்று தெரிந்தால் விரட்டுவான். குறைந்தது, எங்கே இருந்தாய், யார் வளர்த்தார்கள் என்று நாலு கேள்வியாவது கேட்பான். இவன் எதையும் கேட்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குளிக்கப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டான். காலையில் குளித்த மனிதன்.

அவன் வெளியே வருவதற்குள் முத்து பீவி போய்விட்டாள். போகும்போது, எனக்கு இந்த வீட்டிலிருந்து எதுவும் வேண்டாம் ஆச்சி, என்னைச் செத்தவளாக வைத்து இலை போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றாள். எதுவுமே வேண்டாம் என்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நாகம்மை நினைத்துக்கொண்டாள்.

தியாகராஜன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, ஏதோ பைத்தியம், விடு என்றான். சோற்றைப் பிசைந்தான்.

"எந்த பஸ்ல போனா?" என்று கேட்டான்.

பைத்தியம் எந்த பஸ்ஸில் போனால் இவனுக்கென்ன என்று நாகம்மைக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவளுடைய சந்தேகம் இரண்டாகப் பிரிந்தது. பாதி அந்தப் பெண்மேல், பாதி சொந்தப் புருஷன்மேல்.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த கொழுந்தன் மீனாட்சிசுந்தரத்திடம் போய்ச் சொன்னாள். அவன் பேங்க்கில் கையெழுத்துகளைச் சரிபார்த்துச் சரிபார்த்து, உலகத்தில் எல்லாமே போலியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டவன்.

"நேர்ல வந்த சாமிக்குக் காப்பி போட்டுக் குடுத்த ஒரே ஆச்சி நீங்கதான் அண்ணி," என்று சிரித்தான். "சீனி போட்டீங்களா?"

சிரித்து முடித்ததும் கணக்காகப் பேசினான். அந்த உமர் எத்தனை வருஷமாக அண்ணனுக்குத் துணி கிழித்துக் கொடுக்கிறான், அண்ணன் வாயிலிருந்து எதையெதைப் பிடுங்கினானோ. அம்மா இந்தக் கதையைக் கிள்ளான் முழுக்கச் சொல்லியிருக்கிறார், தியாகு என்ற பெயர் உட்பட. கல்யாணம் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள். இன்றைக்குப் படைப்பை நிறுத்து என்பார்கள், நாளைக்கு நான்தான் அத்தை என்று மணவறையில் வந்து நிற்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனால் யார் பதில் சொல்வது?

அவன் சொன்னது எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது நாகம்மை மனதில் ஓடியது வேறொன்று. அவள் பொய்க்காரியாக இருந்து, அவள் பேச்சைக் கேட்டுச் சித்தாடையை நிறுத்தினால், இத்தனை வருஷம் வீட்டைக் காத்த கன்னிக்குக் கோபம் வரும். அது கல்யாணப் பெண்ணின் தலையில்தான் விடியும். அவள் உண்மையான அழகம்மையாக இருந்து, தெரிந்தே சித்தாடை வைத்தால், உயிரோடிருக்கும் அத்தைக்குப் பிணத்துக்குப் போடுகிற மாதிரி இலை போட்டுவிட்டுப் பெண்ணை மணவறையில் உட்கார வைப்பதாகும். அதுவும் அந்தப் பெண்ணின் தலையில்தான். ஆக, எது உண்மை என்று தெரியாமல் சின்ன நாச்சம்மைக்குத் தாலி ஏறக்கூடாது. புருஷனிடம் கேட்டால் வராது. எனவே அவள் பண்டமாரானுக்குப் போனாள்.

மரமும் தகரமுமாகக் கட்டிய வீடு. வாசலில் லோரி நிறுத்தியிருந்தார்கள், அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. உமர் அன்று வேலைக்குப் போகவில்லை. ஒல்லியான மனிதர், தோளில் அளவு நாடா தொங்கிக்கொண்டே இருந்தது. நாகம்மை உட்காருமுன்னே, நீங்கள்தான் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களாமே என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"சொல்லிக் குடுத்து நடிக்க வைக்கிறதா இருந்தா, நல்ல பணக்கார வீடா பாத்து அனுப்பியிருப்பேன்லா ஆச்சி," என்றார் உமர். "மளிகைக் கடைக்கா அனுப்புவேன்?"

அவர் சொன்னது இதுதான். முத்து பீவி கண்டெடுத்த பிள்ளை என்பது எல்லாருக்கும் தெரியும். அவளுடைய வாப்பா கௌஸ், துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் விற்றவர், மேருவில் வீடு. உன் ஆட்கள் கப்பலேறி இந்தியா போய்விட்டார்கள் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். போன வருஷம் மௌத்தாகும் முன்னால்தான் மகளைக் கூப்பிட்டு, அவர்கள் போகவில்லை, கிள்ளானிலேயே இருந்தார்கள் என்றார். சண்டை முடிந்த பிறகு அவளைத் திருப்பிக் கொடுக்கத் தேடிப் போயிருக்கிறார். வாசல் திறந்திருந்தது. உள்ளே இலை போட்டு, சின்னச் சித்தாடை வைத்து, எல்லாரும் அழகம்மை பெயரைச் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செத்துப்போனவள் என்று அழுது முடித்த வீட்டில் பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது என்று திரும்பி வந்துவிட்டார். பிள்ளை இல்லாத மனிதர். அவருக்கு அது வசதியாகவும் இருந்தது.

உமருக்கு அப்போதும் எந்த வீடு என்று தெரியாது. சிவப்புச் சித்தாடை வாங்க வரும் செட்டியார் ஒருவர் உண்டு, அவ்வளவுதான். இந்தத் தடவை அவர் வந்தபோது, தை மாதம் முடிந்தும் இது யாருக்கு என்று சும்மா கேட்டிருக்கிறார். தங்கச்சிக்கு என்றார் செட்டியார். பெயர் கேட்டார். அழகம்மை என்றார். உமர் அளந்துகொண்டிருந்த துணியைக் கோணலாகக் கத்தரித்துவிட்டார். மறுபடி வேறு துண்டு வெட்ட வேண்டியதாயிற்று.

வீட்டில் இருந்த சித்தாடையின் ஓரம் நேராக இருந்ததா என்று நாகம்மை மனதுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அது நேராகத்தான் இருந்தது. இவர் சொன்னபடி பார்த்தால் அது இரண்டாவது துண்டு. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள்.

மகள் பரீதா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நாகம்மை முத்து பீவியின் பக்கம் திரும்பினாள். குண்டு போட்ட அன்றைக்கு விமானம் எப்படி இருந்தது என்று கேட்டாள். கழுகுக் கூட்டம் என்று சொல்லட்டும், எழுந்து போய்விடலாம் என்று காத்திருந்தாள்.

"பிளேனை நான் பாக்கவே இல்ல ஆச்சி," என்றாள் முத்து பீவி.

அவள் பார்த்தது வண்டிப்பேட்டை மதகின் உட்புறம். அண்ணன் அவளை இழுத்துக்கொண்டு ஓடினான். ஓடும்போதே அவள் கழுத்தில் கிடந்த கித்தாத் துண்டு நூல் அறுந்து எங்கேயோ விழுந்துவிட்டது. கித்தா இல்லாவிட்டால் பல்லெல்லாம் கொட்டிப்போகும் என்று அம்மா பயமுறுத்தி வைத்திருந்ததால் அவள் நின்று அழுதாள். அண்ணன் அவளை மதகுக்கு அடியில் உட்கார வைத்து, இங்கேயே இரு, கித்தா எடுத்துக்கொண்டு வருகிறேன், நான் வரும் வரை நகரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். தண்ணீர் கணுக்கால் வரை இருந்தது. ஒரு தேங்காய் மட்டை வந்து அவள் காலில் இடித்துக்கொண்டே இருந்தது. சுவர்ப் பொந்திலிருந்து ஒரு நண்டு வெளியே வரும், சத்தம் கேட்டதும் உள்ளே போகும். மதகின் வாயில் கால்கள் மட்டும் ஓடின. ஒவ்வொரு காலாக, இது அண்ணன் கால் இல்லை, இது அண்ணன் கால் இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு ஜோடிக் கால் குனிந்து உள்ளே வந்தது. துணி மூட்டையோடு கௌஸ். பயத்தில் பாவாடை அசிங்கமாகிவிட்டிருந்தது. அவர்தான் அதைக் கழற்றி ஓரத்தில் போட்டுவிட்டு, மூட்டையிலிருந்து ஒரு துணியைச் சுற்றி விட்டார்.

"அண்ணன் சொன்னதால அப்புறமும் நான் நகர மாட்டேன்னேன். வாப்பா தூக்கித்தான் கொண்டு போனாரு."

கை நழுவியது என்ற பேச்சே அதில் இல்லை. நாகம்மை தேநீரைக் குடிக்காமல் வைத்தாள். தேங்காய் மட்டையும் நண்டும் அவள் மனதைப் போட்டு அரித்தன. பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தால் குண்டும் நெருப்பும்தான் சொல்லிக் கொடுப்பார்கள், நண்டைச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் கெட்டிக்காரி தானாகவே ஒரு நண்டைச் சேர்த்துக்கொள்ளலாமே. புறப்படும்போது முத்து பீவி அவள் கையைத் தொட்டாள்.

"எனக்கு நாலு புள்ளைங்க ஆச்சி. ஒவ்வொரு தை மாசமும் நான் செத்துட்டேன்னு ஒரு வீட்டுல இலை போடுறாங்கன்னு தெரிஞ்ச பிறகு சோறு இறங்க மாட்டேங்குது. என்ன விட்டுட்டுப் போனது யாருன்னு எனக்குத் தெரியும். அவுங்க வாயால ஒரு தடவை, அவ சாகலன்னு சொல்லட்டும். போதும்."

மறுநாள் மத்தியானம் தியாகராஜன் சாப்பிட உட்கார்ந்தான். நாகம்மை சாம்பார் ஊற்றினாள், பொரியல் வைத்தாள். பண்டமாரானுக்குப் போனதை அதுவரை அவள் வாய் விடவில்லை. அப்பளத்தை வைக்கும்போது, தம்பி சொன்னதுதான் சரி என்று பேச்சைத் தொடங்கினாள்.

"அந்தப் பொம்பள சுத்தப் பொய். நான் போய்க் கேட்டுட்டு வந்துட்டேன். நீங்க கைய விடலையாம், மீன் கடைப் பாலத்துக்கு அடியில உக்கார வச்சிட்டுப் போனீகளாம்."

"மீன் கடைப் பாலம் இல்ல," என்றான் தியாகராஜன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "வண்டிப்பேட்டை மதகு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நொறுங்கிய அப்பளத்தை வாயிலும் போடாமல், இலையிலும் வைக்காமல் இருந்தான். நாகம்மை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கல்யாணமான நாள் முதல் அவன் சாப்பிட்டு எழும்வரை அவள் உட்கார்ந்ததில்லை.

கித்தாத் துண்டைத் தேடிக்கொண்டு வந்த வழியே ஓடியபோது ஆத்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். எதையும் கேட்காமல் இழுத்துக்கொண்டு போய்க் கடை நிலவறையில் தள்ளினார். தங்கச்சி எங்கே என்று பிறகு கேட்டபோது, விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லப் பயந்து, புகையில் கை நழுவிவிட்டது என்று சொல்லிவிட்டான். மறுநாள் யாருக்கும் தெரியாமல் மதகுக்குப் போய்ப் பார்த்தான். பாவாடை கிடந்தது, அவள் இல்லை. பாவாடையைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான்.

"தேடச் சொல்லியிருக்கலாம்ல," என்றாள் நாகம்மை.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஆத்தா கனவுல வந்துட்டா. கனவுல தெய்வமா வந்தவள, மதகுல விட்டுட்டு வந்தேன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் நானே நம்பிட்டேன்."

முழுதாக நம்பியிருந்தால் பஸ்ஸைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டாய் என்று நாகம்மை நினைத்தாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மதகு என்பது மாமியார் கதையில் கிடையாது. கிள்ளானில் எவருக்கும் தெரியாது. இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளையின் தாயார் வள்ளியம்மை ஆச்சியிடம் அவளே போய்ச் சொல்லிவிட்டாள். பிறர் வாயிலிருந்து போனால் வேறு மாதிரிப் போகும். அந்த அம்மாள் விசிறியை ஆட்டிக்கொண்டே, கல்யாணத்துக்கு அவள் வருவாளா என்று கேட்டார். வருவாள், என் நாத்தனார் வராமல் எப்படி என்றாள் நாகம்மை. சடங்கில் கை வைப்பாளா என்று அடுத்த கேள்வி. அது அவளுக்கே பழக்கமில்லை, முன்வரிசையில் உட்காருவாள் என்று பதில். சரி, உட்காரட்டும் என்று வள்ளியம்மை ஆச்சி விசிறியைக் கீழே வைத்தார். ஆனாலும் அவர் அந்தச் சரியைச் சொன்ன விதத்தை நாகம்மை வீடு வரும்வரை திருப்பித் திருப்பி எடை போட்டாள்.

படைப்பன்று பங்காளிகள் எல்லாம் வந்துவிட்டார்கள். இலை போட்டாயிற்று. ஐயா வேட்டி, அப்பத்தா சேலை, மாமனார், மாமியார் துணிகள் எல்லாம் வரிசையில் இருந்தன. மீனாட்சிசுந்தரம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிசையைச் சரிபார்த்தான். சித்தாடையைக் காணோம், அழகம்மைக்கு இலையும் ஒன்று குறைகிறது, யார் மறந்தது என்று கேட்டான். எல்லாரும் நாகம்மையைப் பார்த்தார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். அவனை அவள் கேட்டுக்கொள்ளவில்லை, நேற்று ராத்திரி வரைக்கும் வாக்கு வாங்கவுமில்லை. இவன் இப்போதும் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவான் என்றுதான் நினைத்தாள்.

தியாகராஜன் துணி வரிசைக்கு முன்னால் நின்றான். வேட்டியைச் சரி செய்துகொண்டான்.

"மறக்கல. அவ சாகல. பண்டமாரான்ல இருக்கா. மதகுக்கு அடியில நான்தான் விட்டுட்டு வந்தேன்."

ஒரு பெரியவர் இது அபசாரம் என்றார். இன்னொருவர், இருக்கிறவளுக்குப் படைத்ததுதான் அபசாரம் என்றார். பெண்கள் பக்கத்தில் யாரோ அழுதார்கள். மீனாட்சிசுந்தரம் மட்டும் அசையவில்லை. அந்தத் துணிக்காரன் உங்கள் இருவரையும் நன்றாகப் பேச வைத்துவிட்டான் என்றான். நீங்கள் வைக்காவிட்டால் நான் வைக்கிறேன் என்று சொல்லி, உள்ளே போய்ப் படைப்புத் துணி வைக்கும் பேழையைத் திறந்து சித்தாடையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பிவிட்டான். கல்யாணத்துக்கு வந்தான். முன்வரிசைப் பக்கம் திரும்பவில்லை.

முத்து பீவி பரீதாவோடும் உமரோடும் வந்திருந்தாள். தியாகராஜன் எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசியதாகத் தெரியவில்லை. தாலி ஏறும்போது மட்டும் அவள் அவன் காதில் ஏதோ சொன்னாள், அவன் தலையை ஆட்டினான். என்ன சொன்னாள் என்று நாகம்மை பிறகு பலமுறை கேட்டுப் பார்த்தாள். பெண் நம் அப்பச்சி சாயல் என்று சொன்னாள் என்பான் அவன். அதற்கு இவ்வளவு நேரமா என்று நாகம்மைக்கு இன்றுவரை திருப்தியில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தை மாதம் தவறாமல் சிவப்புச் சித்தாடை வைத்து இலை போட்டார்கள். அதைக் கேள்விப்பட்டபோது முத்து பீவிக்குக் கோபம் வரும் என்று நாகம்மை எதிர்பார்த்தாள்.

"அவன் அப்ப கைக்குழந்தை அண்ணி. அவனுக்கு நான் இருந்ததே இல்ல," என்றாள் அவள். "விட்டுட்டுப் போனவங்க சொல்லிட்டாங்க. எனக்குச் சோறு இறங்குது."

அண்ணி என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நாகம்மை அதைக் கவனித்துக்கொண்டாள், ஏன் இப்போது என்று யோசித்தும் கொண்டாள். அவள் சுபாவம் அது. பண்டமாரானுக்குப் போகும்போதெல்லாம் பேச்சுவாக்கில் மதகைப் பற்றி ஏதாவது கேட்டு வைப்பாள், பழைய பதிலோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். எப்போதும் ஒத்துப்போகும். தேங்காய் மட்டை இடித்தது இடது காலில் என்று ஒருமுறையும், வலது காலில் என்று இன்னொருமுறையும் சொல்லியிருக்கிறாள், அவ்வளவே.

தியாகராஜன் எண்பத்தாறில் காலமானான். உமர் அதற்கு அடுத்த வருஷம். முத்து பீவி பண்டமாரானில் மகள் பரீதாவின் வீட்டில், வாசலை ஒட்டிய கீழ் அறையில் இருக்கிறாள்.